4.3 டன் அடிமரம், 1.2 டன் டிராக்டர்

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கும் மரங்கள் ஏறத்தாழ 60 லட்சம். மரம் சாய்வதும் கிளை முறிவதுமான சம்பவங்கள் 2000-ஆம் ஆண்டில் சுமார் 3,100. அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 500-க்குக் கீழே இறங்கிவிட்டது. மரங்களை முறைவைத்துச் சோதிப்பது, பாரத்தைக் கழிப்பது, சந்தேகத்துக்குரிய மரத்தை முன்கூட்டியே அகற்றுவது ஆகிய மூன்றும் இதற்குக் காரணம்.

முன்கூட்டியே அகற்றுவதில் ஒரு வசதி உண்டு. புயல் இரவில் சாலையை மறித்துக் கிடக்கும் மரத்தைக் கிடைத்த இயந்திரத்தை வைத்து அவசரமாக இழுத்தாக வேண்டும். நாள் குறித்து வெட்டும் மரத்துக்கு உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கு. லாரி கிரேன் எட்டாத இடத்தில் கிடக்கும் அடிமரத்தைச் சிறிய டிராக்டரால் சாலைவரை கொண்டுவர எத்தனை வெட்டு, எத்தனை நடை, எவ்வளவு செலவு, எங்கே ஆபத்து என்று பார்ப்போம்.

முதல் கணக்கு: எடை

மரத்தின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. தேவையானது ஓர் அளவு நாடா. சுற்றளவை மீட்டரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும். பச்சை மரத்துக்குக் கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான பழக்கம். தூங்குமூஞ்சி மரம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். தெம்புசு போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்கு 1.2 டன் வைப்பது நல்லது.

ஒரு மீட்டர் நீளத் துண்டின் எடை, கன மீட்டருக்கு ஒரு டன் கணக்கில்:

சுற்றளவு 1 மீட்டர்: 80 கிலோ
1.5 மீட்டர்: 179 கிலோ
2 மீட்டர்: 318 கிலோ
2.5 மீட்டர்: 497 கிலோ
3 மீட்டர்: 716 கிலோ
4 மீட்டர்: 1,273 கிலோ

சுற்றளவு இரு மடங்கானால் எடை நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் சுற்றளவுக் கட்டையை இழுத்துப் பழகியவர், நான்கு மீட்டர் கட்டையைப் பார்த்து "இரண்டு பங்கு இருக்கும்" என்று நினைத்தால் பாதி எடையைக் கணக்கில் விட்டுவிடுகிறார்.

2017 பிப்ரவரி 11 அன்று பூமலைத் தாவரவியல் பூங்காவில் சாய்ந்து ஒருவரின் உயிரைப் பறித்த, நான்கு பேரைக் காயப்படுத்திய தெம்புசு மரம் 270 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. உயரம் 40 மீட்டர், சுற்றளவு 6.5 மீட்டர். மேற்கண்ட சூத்திரத்தில் அந்தச் சுற்றளவை இட்டு, தெம்புசுவுக்குரிய 1.2 டன்னால் பெருக்கினால், ஒரே ஒரு மீட்டர் துண்டு 4 டன்னைத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட மரத்தின் அடிப்பகுதியில் சிறிய டிராக்டருக்கு வேலையே இல்லை. கிளைகளுக்கும் நுனிப்பகுதிக்கும் மட்டும்தான்.

மர வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மரக் கடைகளில் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி போடுவது வழக்கம். அறுவையில் போகும் சேதாரத்தைக் கழித்து விலை பேசுவதற்காக வந்த முறை அது. உண்மையான கன அளவில் 78.5% மட்டுமே அது காட்டும். வாங்குகிறவருக்கு அது நியாயமான அளவு. சங்கிலிக்கு அந்தச் சேதாரமும் எடைதான். 3 மீட்டர் சுற்றளவும் 6 மீட்டர் நீளமும் உள்ள மரம் கடைக் கணக்கில் 3.4 கன மீட்டர், உண்மையில் 4.3 கன மீட்டர். கடைச் சீட்டைப் பார்த்துக் கொக்கி மாட்டினால் 900 கிலோவுக்கு மேல் கண்ணில் படாமலே போகிறது.

மாதிரி வேலை

இனி வரும் கணக்கு முழுவதற்கும் ஒரே மரத்தை எடுத்துக்கொள்வோம். ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலைப் போன்ற ஓர் இடம். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த சமதளம் அது. சாலையோரத்திலிருந்து 40 மீட்டர் உள்ளே ஒரு தூங்குமூஞ்சி அடிமரம் கிடக்கிறது என்று கொள்வோம். சுற்றளவு சீராக 3 மீட்டர், நீளம் 6 மீட்டர், எடை 4,297 கிலோ. மரத்தைச் சுற்றிப் புல்தரை, அருகில் நிற்கும் மரங்களின் வேர், ஒரு பக்கம் நடைபாதை.

தூங்குமூஞ்சி மரம் இங்கே சொந்த மண்ணின் மரம் அன்று. மத்திய அமெரிக்காவிலிருந்து 1876-இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் லீ குவான் இயூ மெம்பாட் மரக்கன்றை நட்டுத் தொடங்கிய மரநடு இயக்கத்துக்குப் பிறகு சாலையெங்கும் குடை விரித்த மரங்களில் இதுவும் ஒன்று. அப்போது வைத்த கன்றுகள் பலவும் இன்று மூன்று மீட்டர் சுற்றளவை நெருங்கும் வயதில் இருக்கின்றன. இந்த மாதிரி வேலை அரிதான ஒன்று அன்று.

லாரி கிரேனின் கை நீளம்

முதலில் நினைவுக்கு வருவது லாரி கிரேன். அதன் திறனை டன்-மீட்டரில் சொல்வார்கள். 16 டன்-மீட்டர் கிரேன் 4 மீட்டர் தூரத்தில் 4 டன், 8 மீட்டரில் 2 டன், 12 மீட்டரில் 1.3 டன் தூக்கும் என்று மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம். கையின் சொந்த எடை போக இதைவிடவும் குறையும். 40 மீட்டர் தூரத்தில் கிடக்கும் மரத்துக்கு அது எட்டவே எட்டாது. லாரியைப் புல்லில் இறக்கினால் டயரின் காற்றழுத்தம் மண்ணில் இறங்குகிறது. லாரி டயர் ஏழெட்டு பார், சிறிய டிராக்டரின் புல்தரை டயர் ஒன்று அல்லது ஒன்றரை பார். மரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குள் வேர்ப்பகுதியைக் காக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தர விதி. 80 செ.மீ. விட்டமுள்ள பக்கத்து மரத்துக்கு அது 9.6 மீட்டர். ஒரு மரத்தை அகற்றப் போய் இன்னொன்றின் வேரை நசுக்கிவிட்டு வந்தால், பத்தாண்டு கழித்து அடுத்த மரத்துக்கும் இதே வேலை.

கிரேன் வேலைக்கு ஆள் கணக்கும் உண்டு. 2011-ஆம் ஆண்டு கிரேன் விதிமுறைகளின்படி தூக்கும் பணிக்கு மேற்பார்வையாளர், கட்டுபவர், சைகை காட்டுபவர் ஆகியோர் நியமிக்கப்பட வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து நான்கு பேர். தூக்கும் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலையிடப் பாதுகாப்பின் துணை விதிகளை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 2024 ஜூன் முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. கிரேன் கடைசியில் எப்படியும் தேவைப்படும், கட்டையை லாரியில் ஏற்றுவதற்கு. 40 மீட்டரைக் கடப்பதற்கு வேறு வழி வேண்டும்.

டிராக்டர் எவ்வளவு தாங்கும்

25 குதிரைத்திறன் வகுப்பில் உள்ள ஒரு டிராக்டர். லோடர் இல்லாமல் எடை 1,200 கிலோ, முன்னச்சில் 480, பின்னச்சில் 720. இரு அச்சுக்கும் இடையே 1.6 மீட்டர். பின்புற ஹைட்ராலிக் கைகளின் கொக்கி பின்னச்சிலிருந்து 0.7 மீட்டர் பின்னால், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். சொந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

குதிரைத்திறனைக் கேட்டுவிட்டு "இழுக்கும்" என்று முடிவுசெய்வதுதான் பழக்கம். எஞ்சின் கடைசியில்தான் தோற்கும். அதற்கு முன்பே தோற்பவை இரண்டு: முன்சக்கரத்தின் பிடி, பின்சக்கரத்தின் பிடி.

கட்டையின் ஒரு முனையைத் தூக்கி, மறுமுனை தரையில் உராய இழுப்பதே வழக்கமான முறை. எடையில் பாதி டிராக்டரின் பின்னால் தொங்குகிறது, மீதிப் பாதி தரையில் உராய்கிறது. பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரம் கிணற்று ஏற்றத்தைப் போல முன்பக்கத்தை மேலே எழுப்புகிறது. தரையில் உராயும் பாதி, கொக்கியைப் பின்னால் இழுத்து அதே வேலையைக் கொஞ்சம் கூட்டுகிறது. உராய்வை எடையில் 60% என்று வைத்தால், கட்டையின் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் முன்னச்சு சுமார் 31 கிலோ எடையை இழக்கிறது. வண்டி எடையில் 20% முன்னச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் கேட்கும் என்பது பொதுவான நெறி. நம் வண்டிக்கு அது 240 கிலோ.

700 கிலோ கட்டை: முன்னச்சில் மிச்சம் 261 கிலோ. சரி.
1,000 கிலோ கட்டை: மிச்சம் 167 கிலோ. ஸ்டியரிங் கேட்காது.
1,432 கிலோ கட்டை, அதாவது நம் மரத்தில் 2 மீட்டர் துண்டு: மிச்சம் 32 கிலோ. முன்சக்கரம் ஏறத்தாழக் காற்றில்.

ஆகவே முன்னெடை (முன்பக்கத்தில் மாட்டும் கூடுதல் எடை) இல்லாத இந்த டிராக்டரின் எல்லை, பாதுகாப்புக்காகச் சற்றுக் குறைத்து, சுமார் 700 கிலோ. நம் மரத்தில் அது ஒரு மீட்டர்கூட இல்லை.

ஒரு மீட்டருக்குக் குறைந்தால் வேறு தொல்லை

சரி, 86 செ.மீ. துண்டுகளாக ஏழு போட்டால் ஒவ்வொன்றும் 614 கிலோ. எல்லைக்குள் வருகிறது. ஆனால் 3 மீட்டர் சுற்றளவுக்கு விட்டம் 95 செ.மீ. நீளத்தைவிட விட்டம் பெரிதாக இருக்கும் துண்டில் சங்கிலி ஒழுங்காகச் சுருக்கிட்டு நிற்காது. தூக்கினால் புரளும், விட்டால் உருளும். 600 கிலோ சக்கரம் ஒன்று நடைபாதைப் பக்கம் உருளத் தொடங்கினால் அதை நிறுத்தக் கையில் ஒன்றும் இல்லை.

அனுபவமுள்ள குழுக்கள் இதற்குச் செய்வது நீளவாக்கில் பிளப்பது. 1.5 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால் எட்டுத் துண்டு, தலைக்கு 537 கிலோ. தட்டையான பக்கம் கீழே இருப்பதால் உருளாது. குறை ஒன்றுதான், செயின் சாவுக்கு வேலை கூடுகிறது. அறுக்கும் பரப்பை வைத்துப் பார்த்தால் அது தெளிவாகும்.

குறுக்கு வெட்டு ஒன்று: 0.716 சதுர மீட்டர்
1.5 மீட்டர் துண்டை நீளவாக்கில் பிளப்பது: 1.43 சதுர மீட்டர்
மூன்று குறுக்கு வெட்டு, நான்கு பிளப்பு: 7.88 சதுர மீட்டர்

நேரமும் பெட்ரோலும் செயின் தேய்மானமும் இந்தப் பரப்போடுதான் போகின்றன. வெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூலி பேசுகிறவர் இதில் ஏமாறுவார்.

100 கிலோ இரும்பு செய்யும் வேலை

இப்போது டிராக்டரின் மூக்கில், முன்னச்சிலிருந்து அரை மீட்டர் முன்னால், 100 கிலோ முன்னெடையை மாட்டுவோம். அச்சுக்கு முன்னால் இருப்பதால் அது முன்னச்சில் 131 கிலோவாகப் பதிகிறது. முன்னச்சு 611 கிலோ, வண்டி எடை 1,300 கிலோ, குறைந்தபட்சத் தேவை 260 கிலோ. எல்லை 700-இலிருந்து 1,100 கிலோவுக்குத் தாவுகிறது. 100 கிலோ இரும்பு, ஏறத்தாழ 350 முதல் 400 கிலோ கூடுதல் கட்டையைத் தாங்கும் உரிமையை வாங்கித் தருகிறது. தொங்கும் பாதி 550 கிலோ. இந்த வகுப்பின் பின்கைகள் அறுநூறு கிலோவுக்கு மேல் தூக்கும், ஆகவே அங்கேயும் இடிப்பதில்லை.

எல்லைவரை போக வேண்டிய அவசியம் இல்லை. மரம் சீரான உருளை அன்று. அடியில் பருத்திருக்கும், மழையில் நனைந்திருக்கும், கணுவில் எடை கூடும். 6 மீட்டரை 1.2 மீட்டராக ஐந்து துண்டு போடலாம். ஒவ்வொன்றும் 859 கிலோ. முன்னச்சில் மிச்சம் 343 கிலோ, வண்டி எடையில் 26%. நீளம் விட்டத்தைவிடப் பெரிது, சங்கிலி நிற்கும். நான்கு குறுக்கு வெட்டுகளின் பரப்பு 2.86 சதுர மீட்டர், பிளக்கும் வேலையே இல்லை.

மெல்லிய முனையைத் தூக்கி இழுத்தால் தொங்கும் பங்கு பாதிக்குக் கீழே வரும். ஆனால் உராயும் பங்கு கூடும். முன்சக்கரம் லேசாகத் தோன்றினால் மெல்லிய முனையைத் தூக்குங்கள். பின்சக்கரம் சுழன்றால் பருத்த முனையைத் தூக்குங்கள்.

கொக்கியின் உயரம்

டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்வது இந்த வேலையின் பெரிய ஆபத்து. கட்டையின் முனை ஏதோ ஒரு வேரில் முட்டிக்கொள்கிறது. ஓட்டுநர் கிளட்ச்சை விட, பின்சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, வண்டியின் உடல் பின்னச்சைச் சுற்றி எழுகிறது. திரும்பி வரமுடியாத நிலையை எட்ட முக்கால் விநாடி போதும் என்கின்றன வேளாண் பாதுகாப்புக் கையேடுகள். தரையில் மோதுவதற்கு ஒன்றரை விநாடி. கால் கிளட்ச்சைத் தேடுவதற்குள் முடிந்துவிடும்.

நம் டிராக்டரின் முன்சக்கரத்தை முழுதாக எழுப்ப எவ்வளவு இழுவிசை வேண்டும் என்பதைக் கொக்கியின் உயரம் தீர்மானிக்கிறது. முன்னெடை இல்லாத நிலையில்:

0.4 மீட்டர் உயரத்தில்: 1,920 கிலோ இழுவிசை
0.9 மீட்டர் உயரத்தில்: 853 கிலோ இழுவிசை

காய்ந்த கெட்டித் தரையில் 1,200 கிலோ வண்டியின் டயர்கள் சுமார் 840 கிலோ இழுவிசையைத் தரும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொக்கி தாழ இருந்தால் வண்டி எழுவதற்கு வெகுமுன்பே சக்கரம் வழுக்கிவிடும். ஓட்டுநருக்கு அது எச்சரிக்கை. கொக்கி மேலே, மேல் கம்பி மாட்டும் இடத்தில் இருந்தால், சக்கரம் வழுக்குவதும் வண்டி எழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. எச்சரிக்கை கிடைக்காது. மேல் கம்பியின் முனையில் சங்கிலியைக் கட்டாதே என்று எல்லாக் கையேடுகளும் சொல்வதற்கு இதுதான் காரணம். முனையைத் தூக்கிப் பிடிக்கக் கைகளைப் பயன்படுத்தும்போதும் கட்டை தரையை விட்டு ஒரு சாண் எழும்பினால் போதும்.

கவிழ்ச்சித் தடுப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் சேர்ந்திருந்தால் கவிழ்ச்சி மரணத்தைத் தடுப்பதில் 99% பலன் உண்டு என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீடு. புதிய டிராக்டர்களில் இந்தச் சட்டத்தை ஸ்வீடன் 1959-இலேயே கட்டாயமாக்கியது. பூங்காவில் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போவதற்காகச் சட்டத்தை மடக்கி வைப்பதுண்டு. மடக்கியிருக்கும்போது பட்டை போடக்கூடாது, நிமிர்த்தியிருக்கும்போது போடாமல் இருக்கக்கூடாது. கட்டை இழுக்கும் வேலைக்கு நிமிர்த்தியே வைக்க வேண்டும். கிளை இடித்தால் கிளையை வெட்டுவதே சரி.

சங்கிலி

8 மி.மீ. தடிமனுள்ள கிரேடு 80 சங்கிலியின் வேலைப்பாரம் 2 டன், 10 மி.மீ.க்கு 3.15 டன், 13 மி.மீ.க்கு 5.3 டன். சுருக்கிட்டுக் கட்டும்போது இதில் 20% கழித்துக்கொள்ள வேண்டும். ஆக 8 மி.மீ. சங்கிலி 1.6 டன். நம் 859 கிலோ துண்டுக்கு இது தாராளம். கட்டை வேரில் முட்டி, டயர் முழுப் பிடியில் இழுத்தாலும் அந்த 1.6 டன்னைத் தாண்டாது. ஆனால் சங்கிலி தொய்வாக இருக்க வண்டியை எகிறவிட்டு இழுக்கும் உதறலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொய்வை மெல்ல எடுத்து, சங்கிலி விறைத்த பிறகே வேகம் கொடுக்க வேண்டும்.

அருகிலிருந்து பார்த்தால் வேலை இப்படி நடக்கும். ஒருவர் கடப்பாரையால் துண்டின் தலையை நெம்ப, இன்னொருவர் கீழே ஓர் ஆப்பைத் தள்ளுகிறார். கிடைத்த இரண்டு விரற்கடை இடைவெளியில் சங்கிலியின் நுனி நுழைகிறது. கையை உள்ளே விடுவதில்லை, வளைத்த கம்பியால் மறுபக்கம் இழுக்கிறார்கள். முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளிச் சுருக்கு விழுகிறது. "தம்பி, கொக்கி வாய் மேல பாக்குதா?" என்று கேட்பவர் எட்டி நிற்கிறார். "பாக்குதுண்ணே" என்ற பதில் வந்த பிறகுதான் கை உயர்கிறது. இருவரும் கட்டையின் பக்கவாட்டிலிருந்து விலகி, சங்கிலியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கிறார்கள். குழுவில் தமிழும் வங்காளமும் சீனமும் பேசுகிறவர்கள் கலந்திருப்பதால் கைச் சைகையே பொது மொழி. நிறுத்தச் சொல்லும் சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், ஓட்டுநர் கேள்வி கேட்காமல் நிறுத்துவார்.

ஈரமும் சரிவும்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை, மொத்தம் 2,113 மி.மீ. பாதி நாள்களில் புல் ஈரமாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மண்ணில் டயரின் பிடி எடையில் 50% என்றும், ஈரப் புல்லில் 30% என்றும் வைத்துக் கணக்கிடுவோம். நம் 859 கிலோ துண்டுக்குச் சமதளத்தில் தேவைப்படும் இழுவை 258 கிலோ. ஈரப் புல்லில் கிடைப்பது 519 கிலோ. தாராளம்.

பத்துப் பாகைச் சரிவில் மேல்நோக்கி இழுத்தால் கதை மாறுகிறது.

கட்டைக்குத் தேவை: 403 கிலோ
வண்டி தானே ஏறத் தேவை: 226 கிலோ
மொத்தம்: 629 கிலோ
காய்ந்த மண்ணில் கிடைப்பது: 852 கிலோ
ஈரப் புல்லில் கிடைப்பது: 511 கிலோ

மழை பெய்த மறுநாள் காலை இந்தத் துண்டு அந்தச் சரிவில் ஏறாது. ஏறும் என்று நம்பி முயன்றால் புல் கிழியும், வண்டி பக்கவாட்டில் நழுவும். பக்கவாட்டில் நழுவும் வண்டிதான் பக்கவாட்டில் கவிழ்கிறது. சரிவில் குறுக்கே இழுப்பதை முற்றிலும் விலக்கி, மேலிருந்து கீழாகவே பாதையை வகுப்பது வழி.

புவியீர்ப்பைக் கூலியில்லா வேலையாளாக வைத்துக்கொண்ட இடம் தமிழ்நாட்டில் உண்டு. ஆனைமலையில் வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சரியவிட்ட இடமே டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. சரியவிட முடியாத இடத்தில் யானைகள் இழுத்தன. யானை முன்னே போக, பாகன் பக்கத்தில் நடந்தார். கட்டை பின்னாலிருந்து முந்திக்கொண்டு வரும் இறக்கத்தில் இருவரும் ஒதுங்க முடிந்தது. டிராக்டரில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது. இறக்கத்தில் கட்டையின் ஒரு முனை தரையில் உராய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த உராய்வுதான் பிரேக்.

இந்த இடத்தில் இரு சக்கர வில்வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டையைச் சக்கரத்தின் மேல் தொங்கவிடும் அந்த அமைப்பில் இழுவை எடையில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 2 மீட்டர் துண்டு, 1,432 கிலோ, இழுக்கத் தேவை 143 கிலோ மட்டும். மூன்றே நடையில் வேலை முடியும். சமதளத்துக்கு அருமையான கருவி. ஆனால் உராய்வு போன இடத்தில் பிரேக்கும் போய்விட்டது. 1,300 கிலோ வண்டியை 1,432 கிலோ பாரம் பின்னாலிருந்து தள்ளும். இறக்கமுள்ள இடத்தில் இதை எடுத்துச் செல்லக்கூடாது.

செலவுப் பட்டியல்

நான்கு பேர் குழு, ஆளுக்கு மணிக்கு 20 வெள்ளி என்று கணக்குக்காக வைப்போம். ஒரு சதுர மீட்டர் அறுக்க ஆப்பு அடிப்பதும் ஓய்வும் சேர்த்து 12 நிமிடம், ஒரு நடைக்கு 12 நிமிடம். உங்கள் குழுவின் எண்கள் வேறாக இருந்தால் மாற்றிப் போடுங்கள், ஒப்பீடு மாறாது.

முன்னெடை இல்லாமல், பிளந்து, எட்டு நடை: அறுப்பு 95 நிமிடம், நடை 96 நிமிடம், மொத்தம் 191 நிமிடம், கூலி 255 வெள்ளி.

முன்னெடையோடு, பிளக்காமல், ஐந்து நடை: அறுப்பு 34 நிமிடம், நடை 60 நிமிடம், மொத்தம் 94 நிமிடம், கூலி 125 வெள்ளி.

வித்தியாசம் ஒரு மரத்துக்கு 130 வெள்ளி. முன்னெடையின் விலையை 130-ஆல் வகுத்தால் எத்தனை மரத்தில் முதல் திரும்பும் என்று தெரிந்துவிடும். டீசலைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்துக்கு ஐந்து லிட்டர் வைத்தாலும் 2019 முதல் லிட்டருக்கு 20 காசாக இருக்கும் தீர்வை ஒரு வெள்ளிதான் வரும். இந்த வேலையின் செலவு எரிபொருளில் இல்லை, ஆள்களின் நேரத்தில் இருக்கிறது.

கட்டை எங்கே போகிறது

இத்தனை கணக்குக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் தோட்டக் கழிவு 400,000 டன், அதில் மறுபயனீடு 293,000 டன், 73%. அந்த ஆண்டில் நாளொன்றுக்கு 1,100 டன்னுக்கு நெருக்கமாகத் தோட்டக் கழிவு சேர்ந்தது. மறுபயனுக்குப் போவதில் பெரும்பகுதி அரைத்துத் தூளாகி உரமாகிறது, எரிபொருளாகிறது. கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடி மாடங்களைக் குளிர்விக்கும் ஆற்றலில் ஒரு பங்கு மரக்கழிவை எரித்தே கிடைக்கிறது. மறுபயனுக்குப் போகாத 107,000 டன்னுக்கு எரியாலைக் கட்டணமாக டன்னுக்கு 77 வெள்ளி வைத்தாலும் ஆண்டுக்கு 82 லட்சம் வெள்ளிக்கு மேல். நம் ஒரு மரம் மட்டும் எரியாலைக்குப் போனால் 331 வெள்ளி, அதை இழுத்துவந்த கூலியைப் போல இரண்டரை மடங்கு.

அரைவை இயந்திரத்துக்குப் போகும் மரத்தை நீளமாகக் காப்பாற்றுவதில் பயனே இல்லை. 1.2 மீட்டரும் 6 மீட்டரும் அங்கே ஒரே தூள்தான். ஆனால் பலகைக்குப் போகும் மரம் வேறு. சாலையோர மரங்களையும் கட்டுமானத்துக்காக வெட்டப்பட்ட மரங்களையும் மேசையாக்கும் முயற்சிகள் இங்கே நடக்கின்றன. ரோஜர் அண்ட் சன்ஸ் தச்சுக்கூடத்தின் உள்ளூர் மரத் திட்டம் அதில் ஒன்று. எட்டு பேர் உட்காரும் மேசைக்கு 2.5 மீட்டர் பலகை வேண்டும் என்றால் நம் மரத்தில் அந்தத் துண்டு 1,790 கிலோ. முன்னெடை மாட்டிய டிராக்டரின் எல்லையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதை அந்த வண்டியால் இழுக்க முயல்வது கவிழ்ச்சிக்கு அழைப்பு. தரைப்பலகை விரித்துப் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும், அல்லது சமதளமாக இருந்து, எடை தாங்கும் வில்வண்டியும் பிரேக்குள்ள பெரிய டிராக்டரும் கிடைக்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவைப் பலகையின் விலை ஏற்குமா என்பதை மரம் வாங்குகிறவர் சொல்ல வேண்டும்.

நிற்கும் மரத்தின் மதிப்பு இன்னொரு பக்கம். 2002-இல் சாங்கியில் அனுமதியின்றி வெட்டப்பட்ட ஒரே ஒரு செங்கால் பாசிர் மரத்துக்கு அரசு பெற்ற இழப்பீடு 76,035 வெள்ளி. அந்தக் கட்டை சிற்பமாக மாறியது. எந்த மரத்துக்கு எந்த வழி என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்திருந்தால், செயின் சா தவறான இடத்தில் ஒருமுறைகூட இறங்காது.

ஒப்பந்தக்காரரின் வேலைத்தாளில் வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது என் முடிவு. முதலில் கட்டை போகும் இடம். அடுத்து நாடாவால் சுற்றளவு, அதிலிருந்து ஒரு மீட்டருக்கான எடை. பிறகு வண்டியின் முன்னச்சு தாங்கும் எல்லை, அதிலிருந்து துண்டின் நீளம். நீளம் விட்டத்தைவிடக் குறைந்தால் முன்னெடை அல்லது பிளப்பு. கடைசியாகத் தரையின் ஈரமும் சரிவும். இந்த ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்கும், பத்து நிமிடத்தில் நிரம்பும். நான்கு பேருக்குப் பத்து நிமிடக் கூலி 13 வெள்ளி 33 காசு. ஒரு மரத்துக்கு மிச்சமாகும் 130 வெள்ளியில் அதைக் கழித்தாலும் லாபம்தான், உயிரின் விலையைக் கணக்கில் சேர்க்காமலே.